எட்டாவது குண்டுக்குப் பின் ஏன் ‘டிங்’?

2003-இல் வந்த ‘கால் ஆஃப் டியூட்டி’ வீடியோ கேமை விளையாடியவர்கள் எம்1 காரண்ட் துப்பாக்கியை மறந்திருக்க மாட்டார்கள். எட்டாவது குண்டு போனதும் ‘டிங்’ என்று ஓர் உலோகச் சத்தம். அதற்கு முன் ரீலோடு பொத்தானை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடக்காது.

அது விளையாட்டின் குறை அல்ல. கனடாவில் பிறந்த ஜான் காரண்ட் வடிவமைத்து, 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்தத் துப்பாக்கிக்குக் கழற்றி மாட்டும் மேகசின் கிடையாது. எட்டுத் தோட்டாக்களைக் கவ்வியிருக்கும் எஃகுக் கிளிப்பையே மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறை சுடும்போதும் மிச்சத் தோட்டாக்கள் மேலே தள்ளப்படும். கடைசித் தோட்டாவும் போனதும், கிளிப்பைப் பிடித்திருந்த கொக்கி விலகும். ஸ்பிரிங் கிளிப்பை வெளியே வீசும்; அந்தச் சத்தம்தான் ‘டிங்’. போல்ட் அடுத்த கிளிப்புக்காகப் பின்னாலேயே நிற்கும்.

பாதியில் நிரப்பவே முடியாதா? முடியும். கொக்கியைக் கையால் விடுவித்து, மிச்சத்தோடு கிளிப்பை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். சண்டைக்கு நடுவே அது தொல்லை. சுட்டுத் தீர்ப்பதே எளிது. விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்த எளிய வழியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

சத்தம் கேட்டதும், துப்பாக்கி காலி என்று எதிரி பாய்வான் என்றொரு கதையும் உலவுகிறது. நம்புவது கடினம்: போர்க்கள இரைச்சலில் அது எட்டுவதே அரிது, எட்டினாலும், பக்கத்து வீரனின் துப்பாக்கியில் தோட்டா மிச்சமிருக்குமே!