ஏ.டி.யா, எம்.டி.யா? காரங்காட்டுக் கரைக்குப் போகிற ஒரு பிக்அப்புக்கு டயர்

இந்த எபிசோடுக்குக் காரணம் காரங்காட்டிலிருந்து வந்த ஒரு வாய்ஸ் மெசேஜ். ராமநாதபுரம் மாவட்டத்துல, தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவுல, பாக் விரிகுடாவை ஒட்டின ஊர். அலையாத்திக் காட்டுக்குள்ள வனத்துறை படகு விடுதே, அந்தக் காரங்காடுதான். மெசேஜ் அனுப்பின தம்பி கரையில மீனும் நண்டும் எடுத்து ராமநாதபுரம் பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கின பொலிரோ பிக்அப், பின்சக்கரம் மட்டும் இழுக்கிறது. பின்டயர் ரெண்டும் வழுவழுன்னு ஆயிடுச்சு. ஜூன் 14-ஓட விசைப்படகுகளுக்கான தடைக்காலம் முடியுது, அதுக்குள்ள மாத்தணும். "அண்ணே, ஏ.டி. போடவா, எம்.டி. போடவா? எம்.டி. போட்டா மணல்ல மாட்டவே மாட்டாதுங்கிறாங்களே, உண்மையா?"

உண்மை இல்லை தம்பி. உங்க வண்டிக்கு எம்.டி. வேண்டாம். ஏன்னு சொல்றேன், ஏன்னா அதைப் புரிஞ்சுக்கிட்டா டயர் கடைக்காரர் எதைக் காட்டினாலும் நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

முதல்ல பேரு. ஏ.டி.ன்னா ஆல் டெரெய்ன், தாரும் மண்ணும் கலந்த ஓட்டத்துக்கு. எம்.டி.ன்னா மட் டெரெய்ன், சேத்துக்குன்னே செஞ்சது. நம்ம ஊர்ல ரெண்டையும் சேர்த்து 'பட்டன் டயர்'னு சொல்லிடுவாங்க. பழைய ஜீப்ல 6.00-16 அளவுல வந்த மிலிட்டரி டயர்ல இருந்து அந்தப் பேச்சு ஓடுது. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரப்பர் கட்டைகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி. எம்.டி.யில கட்டை பெருசு, இடைவெளி அகலம், ஆழமும் அதிகம். சக்கரம் வேகமாச் சுத்தும்போது அந்த இடைவெளியில அடைஞ்ச சேத்தை வெளியே வீசிட்டு, அடுத்த சுத்துல புதுசாக் கடிக்கும். தோண்டிக் கடிக்கிறதுதான் அதோட வேலையே.

இப்போ அந்தத் தோண்டுற டயரை மணல்ல விட்டா? தோண்டும். காய்ஞ்ச கடல் மணலுக்கு அடியில கடிச்சுப் பிடிக்க ஒண்ணும் கிடையாது. ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிச்சா சக்கரம் தனக்குத்தானே குழி வெட்டிக்கிட்டு, டிஃபரன்ஷியல் மணல்ல உட்காருற வரைக்கும் இறங்கும். மணல்ல வேண்டியது கடிக்கிற டயர் இல்லை, மிதக்கிற டயர். மிதக்க வைக்கிறது காத்து.

ஒரு சின்னக் கணக்கு. காலி பிக்அப்ல பின்னாடி ஒரு சக்கரத்து மேல 400 கிலோ இருக்குன்னு வச்சுப்போம். டயர்ல 40 பி.எஸ்.ஐ. காத்து இருந்தா, அது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.8 கிலோ. அப்போ டயர் தரையைத் தொடுற பரப்பு சுமார் 140 சதுர சென்டிமீட்டர். அதையே 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினா 280. டயரோட பக்கச் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்கும்ங்கிறதால நிஜத்துல இவ்வளவு சுத்தமா ரெண்டு மடங்கு வராது, ஆனா போக்கு இதுதான். பத்து பைசா செலவில்லாம டயரோட பாதம் பெருசாயிடுது. எந்த பட்டனும் இதைச் செய்யாது.

இது புதுசாக் கண்டுபிடிச்ச வித்தையும் இல்லை. ரால்ஃப் பாக்னோல்டுன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர், 1920-களோட கடைசியிலும் 1930-களிலும் எகிப்து, லிபியா பாலைவனத்துக்குள்ள சாதாரண ஃபோர்டு கார்களைக் கொண்டுபோனார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லை அது. காத்தைக் குறைச்சு ஓட்டினார், சிக்கினா சக்கரத்துக்கு அடியில இரும்புத் தகட்டைப் போட்டு ஏத்தினார். அந்த அனுபவத்தை வச்சுத்தான் 1940-ல பிரிட்டிஷ் படைக்கு ஒரு பாலைவன ரோந்துப் பிரிவையே உருவாக்கினார். மணல் காத்துல எப்படி நகருதுன்னு 1941-ல அவர் எழுதின புத்தகத்தை இன்னைக்கும் விஞ்ஞானிகள் எடுத்துப் பார்க்கிறாங்க. அதே உலகப் போர்ல அமெரிக்காக்காரங்க கடல்ல நீந்தி வந்து கரை ஏறுற ஒரு லாரி செஞ்சாங்க. அதுல டிரைவர் சீட்ல உட்கார்ந்தபடியே டயர் காத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கடற்கரை மணல்ல ஏறணும்னா எது முக்கியம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

நம்ம பக்கத்துலயே பாருங்க. 2017-ல அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு திறக்கிறதுக்கு முன்னாடி, தனுஷ்கோடிக்கு மணல்லயும் ஓரத் தண்ணியிலயும்தான் வேன்ல கூட்டிட்டுப் போவாங்க. எனக்கு அந்தப் பயணத்துல ஞாபகம் இருக்கிறது டிரைவரோட கால்தான். திடீர்னு மிதிக்கவும் மாட்டார், திடீர்னு பிரேக்கும் அடிக்க மாட்டார். ஒரே சீரா, முந்தின வண்டித் தடத்துலயே போவார்.

சரி, சேறு? காரங்காட்டுல சேறு இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா அலையாத்திப் பக்கம் இருக்கிறது உளைச் சேறு. எம்.டி. வேலை செய்யணும்னா சேத்துக்கு அடியில கெட்டியா ஒரு தரை வேணும், டயர் சேத்தை வெட்டிட்டுப் போய் அதைப் பிடிக்கணும். உளையில அந்தத் தரை கைக்கு எட்டற ஆழத்துல இருக்காது. அங்கே எந்த டயரும் உதவாது, டிராக்டரே தடுமாறும். அதுவும் போக, அந்தச் சேத்துக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கிற மூச்சு வேர்கள்தான் அந்த மரங்களுக்கு உயிர். அதுமேல வண்டி ஏத்துற பேச்சே கூடாது.

எம்.டி.க்கு நம்ம மாவட்டத்துல வேலையே இல்லைன்னு சொல்லலை. மழை முடிஞ்ச கையோட கமுதி, முதுகுளத்தூர் பக்கம் கரிசல் காட்டுல தினமும் இறங்கணும், நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, தார் ரோட்டைப் பார்க்கிறதே அபூர்வம்னா போடுங்க. கண்மாய்க்குள்ள இறங்கறவங்களுக்கும் சில நாள் உதவும். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை'ன்னு சொல்ற ராஜசிங்கமங்கலம் கண்மாய் உங்களுக்குக் கிட்டத்துலதான் இருக்கு. அந்தக் களிமண் ஈரமா இருக்கும்போது டயர் முழுக்க அப்பிக்கிட்டு மொழுமொழுன்னு ஆக்கிடும். ஆனா அது வருஷத்துல சில வாரம். மிச்ச நாள்ல அங்கே டயருக்கு எதிரி சேறு இல்லை, சீமைக் கருவேல முள்ளு. கரிமூட்டத்துக்கு லோடு எடுக்கப் போற எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வார். அதுக்கு வேண்டியது தடிமனான ரப்பரும் கெட்டியான பக்கச் சுவரும். நல்ல ஏ.டி.யிலயும் லோடு வண்டி டயர்லயும் அது ஓரளவு கிடைக்கும்.

இனிமே சொல்றதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. உயிர்ப் பிரச்சினை இதுலதான் இருக்கு.

டயர் பக்கச் சுவர்ல அளவுக்குப் பக்கத்துல ஒரு எண் இருக்கும், அதுதான் லோடு இண்டெக்ஸ். 100-ன்னா அந்த டயர் 800 கிலோ தாங்கும். 112-ன்னா 1120 கிலோ. லோடு வண்டி டயர்ல 112/110 மாதிரி ரெண்டு எண் இருந்தா, முதல் எண் ஒத்தைச் சக்கரத்துக்கு, ரெண்டாவது ஜோடிச் சக்கரத்துக்கு. இப்போ உங்க வண்டிக்கு வாங்க. வண்டியும் மீனும் ஐஸும் சேர்ந்து மூணு டன் பக்கம் வந்து, அதுல ரெண்டு டன் பின் அச்சுல உட்கார்ந்தா, ஒரு பின்டயருக்கு ஒரு டன். கடையில கண்ணுக்கு அழகா மாட்டி வச்சிருக்கிற ஏ.டி., எம்.டி.யில பல டயர் ஜீப்புக்கும் எஸ்.யூ.வி.க்கும் செஞ்சது. அதே 15 இன்ச் ரிம்முல கச்சிதமா உட்காரும், ஆனா லோடு இண்டெக்ஸ் 100 பக்கம்தான் இருக்கும். 800 கிலோ தாங்கறதுல ஒரு டன்னை ஏத்தி, மே மாச வெயில்ல கிழக்குக் கடற்கரைச் சாலையில 80-ல போனா, டயர் உள்ளுக்குள்ள சூடேறி ஒருநாள் பிஞ்சிடும். ரிம்முல உட்காருதேன்னு வாங்கிடாதீங்க. கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல இல்லைன்னா வண்டிப் புத்தகத்துல என்ன அளவு, என்ன லோடு இண்டெக்ஸ், எவ்வளவு காத்துன்னு இருக்கோ, அதுக்குக் கீழே இறங்கக் கூடாது. வெளிவட்டமும் பெருசாகக் கூடாது. பெருசானா வேகமானி குறைச்சுக் காட்டும், இழுவை குறையும், இன்சூரன்ஸ்காரங்க கேள்வி கேட்பாங்க.

அப்போ அந்தத் தம்பிக்கு என் பதில் என்ன? பின்னாடி ரெண்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், எல்.டி. குறி போட்ட லோடு டயர். பூவு செமி லக். அதாவது நடுவுல கோடும் ஓரத்துல கட்டையும் இருக்கிறது. உங்க அளவுல எல்.டி. ஏ.டி. கிடைச்சா அதுவும் சரி. முன்னாடி ரிப் டயர் நல்லா இருந்தா அப்படியே ஓடட்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வச்சிருக்கவங்க மட்டும் நாலையும் ஒரே மாதிரி மாத்துங்க, முன்னுக்கும் பின்னுக்கும் விட்டம் வேறுபட்டா இழுவைப் பெட்டி பாழாகும்.

உங்க ஓட்டத்தை நினைச்சுப் பாருங்க. கரையில மணல் சில நூறு அடி. மிச்சமெல்லாம் தார். எம்.டி. தார்ல ஊளையிட்டுக்கிட்டே சீக்கிரம் தேயும், டீசல் கூடக் குடிக்கும். அதைவிட முக்கியம், அக்டோபர் தொட்டு டிசம்பர் வரைக்கும் மழையில நனைஞ்ச ரோட்டுல பிரேக் அடிச்சா தள்ளிப்போய்த்தான் நிக்கும். ரோட்டைத் தொடுற ரப்பரே கம்மியில்லையா?

மிச்சப்படுத்தின காசுல ரெண்டு பொருள் வாங்குங்க: ஒரு நல்ல காத்து அளக்கிற கேஜ், பேட்டரியில ஓடுற ஒரு கம்ப்ரசர். காலி வண்டியா மணல்ல இறங்கறப்போ 20 வரைக்கும் குறைக்கலாம். 15-க்குக் கீழே போனா, திருப்புறப்போ டயர் ரிம்மை விட்டுக் கழண்டுக்கும். டியூப் டயர்னா இன்னும் ஜாக்கிரதை. காத்து ரொம்பக் குறைஞ்சா டயர் ரிம் மேல வழுக்கி டியூப் வால்வு கழுத்தோட பிய்ஞ்சிடும். லோடு ஏத்தினதுக்கு அப்புறம் இந்த வித்தை செல்லாது. ஒரு டன் பாரத்தோட 20 பி.எஸ்.ஐ.யில உருட்டினா பக்கச் சுவர் மடிஞ்சு உள் நூல் அறுந்துடும். அதனால வண்டியைக் கெட்டித் தரையிலயே நிறுத்திட்டு, கூடையை மணல் மேல தூக்கிட்டு வர்றதுதான் நல்லது. இன்னும் அம்பது அடி தூக்கறதுக்கு ஆள் கூலி ஆகும், ஒத்துக்கறேன். மணல்ல புதைஞ்சு நின்னு ஐஸ் உருகினா ஒரு நாள் மீனே போயிடும். தார் ஏறினதும் முதல் வேலை காத்தை முழுசா ஏத்தறது. 'பக்கத்துலதானே பங்க், அங்கே போய்ப் பிடிச்சுக்கலாம்'னு கிளம்பாதீங்க.

கடையில ரெண்டு விஷயம் பாருங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும். பக்கச் சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், 2324-ன்னா 2024-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. ரெண்டு மூணு வருஷம் கிடந்த சரக்கைப் புதுசுன்னு கொடுத்தா, வேற எடுங்கன்னு சொல்லுங்க.

டயரைக் கழட்டறப்போ ரிம்மோட உள் ஓரத்தையும் பார்த்துடுங்க. உப்புத்தண்ணி சொட்டுற மீன் வண்டியில, டயர் உட்கார்ற இடத்துல துரு பிடிச்சிருக்கும். டியூப்லெஸ்னா அங்கேதான் மெல்ல மெல்லக் காத்து இறங்கும், பஞ்சர்னு நினைச்சுத் தேடிக்கிட்டே இருப்பீங்க. டியூப்னா அந்தத் துரு டியூபை அரிக்கும். வயர் பிரஷ் போட்டுச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, காய்ஞ்சதுக்கு அப்புறம் டயரை ஏத்தச் சொல்லுங்க. அரை நாள் கூட ஆகும். தடைக்காலம் முடியறதுக்கு இன்னும் நாள் இருக்கே.