பெயின்டுக்கு மேலே இன்னொரு பூச்சு

பழைய மர மேசையைத் தேய்த்து, வெளிர்நீல மேட் பெயின்ட் அடித்துக் கூடத்தில் போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் காபி டம்ளர் வைத்த இடத்தில் வட்டக் கறை விழும். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் துணியில் நீலம் ஏறும். பெயின்ட் மட்டமென்று கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டாம். மேட் பெயின்டின் இயல்பே அப்படி.

எந்தப் பெயின்டிலும் நிறம் தரும் பொடியும் அதைப் பிடித்து வைக்கும் பிசினும் உண்டு. மேட் வகையில் பொடி அதிகம், பிசின் குறைவு. அதனால் காய்ந்த பரப்பில் நுண்துளைகள் இருக்கும். காபியும் எண்ணெயும் அவற்றுக்குள் இறங்கிவிடும். மேலே அடிக்கும் டாப் கோட்டில் நிறப்பொடி கிடையாது. பிசின்தான் பிரதானம். அது துளைகளை மூடி, தேய்மானத்தையும் தானே வாங்கிக்கொள்கிறது.

எதை அடிப்பது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். எண்ணெய் வார்னிஷ் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து இறுகும். நல்ல உறுதி. ஆனால் நாளாக நாளாக மஞ்சளிக்கும். வெள்ளை பழுப்பேறும், வெளிர்நீலம் பச்சை காட்டும். தேக்குக்கு அழகு சேர்க்கும் அந்த மஞ்சள் வெளிர்நிறங்களைக் கெடுத்துவிடும். அவற்றுக்கு வாட்டர் பேஸ் அக்ரிலிக் அல்லது வாட்டர் பேஸ் பி.யு. (பாலியூரித்தேன்) தான் சரி. சீக்கிரம் காய்கிறதே என்று என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரை எனாமல் பெயின்டின் மேல் அடித்துவிடாதீர்கள். அதிலுள்ள தின்னர் அடியிலிருக்கும் எனாமலை இளக்கிச் சுருங்க வைத்துவிடும். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சு வெளுத்து மங்கிவிடும்.

டப்பாவைக் குலுக்கக் கூடாது, குமிழி கிளம்பும். குச்சியை அடிவரை விட்டு நிதானமாகக் கலக்குங்கள். மேட் டாப் கோட்டில் பளபளப்பைக் குறைக்கும் சிலிக்கா தூள் அடியில் தங்கியிருக்கும். சரியாகக் கலக்காவிட்டால் மேசையின் ஒரு பக்கம் மின்னும், மறுபக்கம் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். மெல்லிசாக மூன்று கோட் போதும். ஒரு கோட் காய்ந்ததும் 320 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி துடைத்து, அடுத்ததை அடியுங்கள். கனமாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் ஓரங்களில் வழிந்து நிற்கும்.

வாட்டர் பேஸ் பூச்சு இரண்டு மணி நேரத்தில் தொட்டுப் பார்க்கக் காய்ந்துவிடும். உள்ளே முழுதாக இறுகச் சுமார் மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை சூடான பாத்திரம் வைக்காதீர்கள், பிளாஸ்டிக் விரிப்பும் போடாதீர்கள்.