சணலும் பிளாஸ்டிக்கும் ஏன் ஒட்டாது?

சில கார்களோட கதவு உள்பேனல்ல சணல் நார் கலந்த பாலிபுரொப்பிலீன் இருக்கும். ஆனா ரெண்டும் லேசுல ஒட்டாது மக்களே. நாரில் உள்ள செல்லுலோஸ் தண்ணியை இழுக்கும், பிளாஸ்டிக் விலக்கும். அதனால இழுத்தா நார் உருவிக்கிட்டு வந்துடும்.

இங்கதான் கப்ளிங் ஏஜென்ட் வருது: மாலிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பாலிபுரொப்பிலீன். பொதுவா 2 முதல் 5 சதவீதம் போதும். அன்ஹைட்ரைடு பகுதி செல்லுலோஸின் ஹைட்ராக்சிலோட எஸ்டர் பிணைப்பு போடும்; நீளச் சங்கிலி பிளாஸ்டிக்குக்குள்ள பின்னிக்கும். நம்ம பாஷைல, அடாப்டர். இழுவிசை வலிமை ஏறும், ஈரம் உறிஞ்சுறது குறையும். விறைப்பு பெருசா மாறாது.

எனக்குப் பிடிச்ச சிக்கல் இதுதான். பிடிப்பு ரொம்ப இறுகினா, மோதும்போது நார் உருவி ஆற்றலை வாங்கிக்க வழியில்ல. விரிசல் நாரையே அறுத்துட்டு ஓடும். சிதறவே கூடாத கதவுப் பேனலுக்கு, மோதல் சோதனையும் பார்த்துத்தான் அளவை முடிவு பண்ணணும்.