ஹார்ட் டிஸ்க்கின் எதிரி, டாக்டரின் நண்பன்!

பழைய ஃப்ளாப்பி டிஸ்க் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே பழுப்பு நிறத்தில் வட்டமான, மெல்லிய பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதன் மேல் பூசியிருப்பது இரும்பு ஆக்சைடு. ஒரு காலத்தில் நம் ஃபைல்கள் எல்லாம் அந்தப் பூச்சில்தான் காந்தப் பதிவுகளாக இருந்தன. அதே இரும்பு ஆக்சைடை மிக நுண்ணிய துகள்களாக்கி ஊசி மூலம் உடலில் செலுத்தினால், எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் புற்றுநோய்க் கட்டியைப் பிரித்துக் காட்டும். எப்படி என்று பார்ப்போமா?

மறந்துபோகும் காந்தம்

ஹார்ட் டிஸ்க்கில் காந்தத் துகள்கள் சிறிதாகச் சிறிதாக, அதே இடத்தில் அதிகத் தகவலைப் பதியலாம். ஆனால் ஓர் அளவுக்குக் கீழே போனால், அறையின் சாதாரண வெப்பமே துகளின் காந்தத் திசையைப் புரட்டிவிடும். பதிந்த தகவல் போய்விடும். இதற்குச் சூப்பர் பாராகாந்தம் என்று பெயர். ஹார்ட் டிஸ்க் பொறியாளர்களுக்கு இது தீராத தலைவலி.

டாக்டர்களுக்கோ இந்த மறதிதான் வேண்டும். துகள்கள் நிரந்தரக் காந்தமாக இருந்தால் ரத்தத்தில் ஒன்றையொன்று இழுத்துக் கட்டியாகிவிடும். 10 நானோமீட்டருக்கும் குறைவான இரும்பு ஆக்சைடு துகள், ஸ்கேனருக்குள் இருக்கும்வரை மட்டுமே காந்தம். வெளியே வந்ததும் காந்தத்தை இழந்துவிடும். நம் தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 80,000 நானோமீட்டர் என்றால், துகளின் அளவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்! துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைப் பொருளைப் போர்வையாகப் பூசுகிறார்கள்.

படம் எப்படிக் கிடைக்கிறது?

மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. ஸ்கேனரின் காந்தம், பூமியின் காந்தப்புலத்தைப் போல் சுமார் 30,000 மடங்கு வலிமையானது. ரேடியோ அலையை அனுப்பியதும், உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் பதில் சிக்னல் தருகின்றன. கம்ப்யூட்டர் அதைக் கணக்கிட்டு, கறுப்பு வெள்ளை பிக்ஸல்களாக மானிட்டரில் காட்டுகிறது. இரும்புத் துகள் இருக்கும் இடத்தில் காந்தப்புலம் கலைந்து, சிக்னல் சீக்கிரம் மங்கிவிடும். அந்த இடம் படத்தில் கறுப்பாகும்.

இனி கல்லீரலுக்கு வருவோம். அங்குள்ள கப்ஃபர் செல்கள் ரத்தத்தில் வரும் அந்நியத் துகள்களை விழுங்கிவிடும். வேறு இடத்திலிருந்து பரவி வந்த புற்றுநோய்க் கட்டியில் இந்தச் செல்கள் இல்லை. எனவே நல்ல கல்லீரல் கறுத்துவிட, கட்டி மட்டும் வெளிச்சமாகத் தெரியும். அறையின் விளக்குகளை அணைத்தால் மெழுகுவர்த்தி பளிச்சென்று தெரிவது போல! ஃபெரிடெக்ஸ் என்ற இத்தகைய மருந்துக்கு 1996ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி அளித்தது.

அளவு மட்டும் போதாது

புற்றுநோய் நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவிவிட்டதா என்பதைப் பொறுத்துத்தான் பல நோயாளிகளுக்குச் சிகிச்சை முடிவாகிறது. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் முடிச்சு பெரிதாக இருந்தால்தான் சந்தேகம் வரும். சிறிய முடிச்சிலும் புற்றுநோய் ஒளிந்திருக்கலாமே! புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 80 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2003ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. புற்றுநோய் பரவிய முடிச்சுகளில் சாதாரண ஸ்கேன் 35.4 சதவீதத்தைக் கண்டுபிடித்தது. இரும்புத் துகளுடன் எடுத்த ஸ்கேன் 90.5 சதவீதத்தைக் கண்டுபிடித்தது.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் வரவில்லை?

அந்த ஆய்வில் பயன்பட்ட மருந்தை 2005ல் எஃப்.டி.ஏ.யின் ஆலோசனைக் குழு ஏற்கவில்லை. ஃபெரிடெக்ஸ் தயாரிப்பு 2008ல் நின்றது. நிணநீர் முடிச்சு ஸ்கேனுக்கு, ஊசி போட்டு சுமார் ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்பதும் சிரமமே. வழக்கமான காடோலினியம் மருந்தில் உடனே படம் எடுத்துவிடலாம்.

ஆனால் கதை முடியவில்லை. ரத்தசோகைக்காக 2009ல் அனுமதி பெற்ற ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்பு நானோ மருந்தை, காடோலினியம் ஒத்துவராத சிறுநீரக நோயாளிகளின் ஸ்கேனுக்கு டாக்டர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அந்த இரும்பை உடல் ரத்தம் தயாரிக்க எடுத்துக்கொள்கிறது. ஆனால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம் என்பதால், எஃப்.டி.ஏ. 2015ல் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

உங்கள் வீட்டில் யாருக்காவது 'கான்ட்ராஸ்ட் ஸ்கேன்' என்று எழுதிக் கொடுத்தால், சிறுநீரகக் கோளாறோ ஒவ்வாமையோ இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்கேன் சி.டி.யைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கறுப்பு எது, வெள்ளை எது என்று முடிவு சொல்லும் வேலையை ரேடியாலஜிஸ்ட்டிடம் விட்டுவிடுங்கள்!