"இன்னிக்கு யார் பக்கத்தில் சாப்பிட்டே?"

"சாமி பேரைச் சொல்லி நடத்தற பள்ளிக்கூடம்க்கா. அங்கே போய் வித்தியாசம் பார்ப்பாங்களா?"

எங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. தொழிற்பேட்டை வந்தபின் பல ஊர்க் குடும்பங்கள் இங்கே குடியேறிவிட்டன. பெற்றோர் இருவரும் ஷிப்டுக்குப் போகிற வீட்டில், பிள்ளையை மடமோ மிஷனோ நடத்தும் விடுதிப் பள்ளியில் விட்டால் ஒழுக்கமாக வளரும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால், சேர்த்ததோடு நம் வேலை முடிந்ததா சகோதரிகளே?

நூறு வருஷத்துக்கு முந்தைய சங்கதி ஒன்று சொல்கிறேன். தேசபக்தர் வ.வே.சு. அய்யர் 1922-ல் தொடங்கிய குருகுலம், திருநெல்வேலிச் சீமையில் சேரன்மாதேவியில் நடந்தது. காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. நோக்கம் உயர்ந்தது, நடத்தியவரும் உத்தமர். ஆனாலும் பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்று இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனிப் பந்தி! "இரண்டே பேர்தானே" என்று விட்ட சலுகை, மற்ற பிள்ளைகள் மனசில் முள்ளாகத் தைத்தது. விஷயம் வெளியே தெரிந்ததும் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தெழுந்தார்கள். காந்திஜி வரை வழக்குப் போயிற்று. 1925-ல் அய்யர் பொறுப்பிலிருந்து விலகினார்.

நல்லவர் நடத்துகிறார் என்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

பள்ளியில் சேர்க்கும் முன் சாப்பாட்டு வேளையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எல்லாரும் ஒரே வரிசையா? தண்ணீர் ஒரே இடத்திலா? பெருக்க, கழுவ எப்போதும் அதே பிள்ளைகளையா அனுப்புகிறார்கள்?

சேர்த்த பிறகு "எத்தனை மார்க்?" என்பதோடு, "இன்னிக்கு யார் பக்கத்தில் சாப்பிட்டே?" என்றும் கேளுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால், "நீ என்ன பண்ணித் தொலைச்சே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்புறம் அது வாயே திறக்காது. சொன்னதைத் தேதியோடு குறித்து, நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள்.

புகார் கொடுத்த பிள்ளைக்கு என்ன பாதுகாப்பு என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் படித்தவர்களின் தொல்லையைப் பற்றிச் சொன்ன பட்டியல் சாதி மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் காயம். அதன் பிறகுதான் அரசு நீதிபதி சந்துரு தலைமையில் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கையும் வந்தது.

தொடக் கூடாத விதத்தில் யாராவது தொட்டதாகப் பிள்ளை சொன்னால், "நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்பதற்கு இடமே இல்லை. 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். மூடி மறைக்கும் நிர்வாகிக்கு ஒரு வருஷம் வரை சிறை உண்டு. சுவாமிஜியானாலும் சரி, ஃபாதரானாலும் சரி, ஹஜ்ரத்தானாலும் சரி, சட்டம் ஒன்றுதான்.

உதவிக்கு 1098, பள்ளி சம்பந்தமாக 14417. இரண்டு எண்களையும் சமையலறைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். பிள்ளைக்கும் மனப்பாடமாகட்டும்.