மாரத்தான் ஓடும் ஃப்ரெண்டுக்கு சியர் பண்ணப் போறீங்களா? ஃபினிஷிங் லைன்ல நிக்காதீங்க!

வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் 'ஃபுல் மாரத்தான் ஓடப்போறேன்' என்றதும் எல்லோரும் தம்ஸ்-அப் போடுவோம். அன்னிக்கு விடியற்காலையில் எழுந்து போறது என்னவோ ரெண்டு பேர்தான். அவங்களும் ஸ்டார்ட்டிங்கில் ஒரு செல்ஃபி, ஃபினிஷிங்கில் மெடலோடு ஒரு செல்ஃபி என்று முடித்துவிடுவார்கள். ஆனா, உங்க ஃப்ரெண்டுக்கு நீங்க ரொம்பத் தேவைப்படுறது இந்த ரெண்டு இடத்திலும் இல்லை.

30 கி.மீ-யில் என்ன நடக்குது?

ஃபுல் மாரத்தான் 42.195 கி.மீ. தசையிலும் கல்லீரலிலும் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன்தான் ஓடுவதற்கான முக்கிய எரிபொருள். வழியில் சரியாகச் சாப்பிடாமலோ, ஆரம்பத்திலேயே வேகமெடுத்தோ ஓடினால், 30 கி.மீ வாக்கில் அது தீர ஆரம்பிக்கும். கால் கனக்கும், 'எதுக்கு இந்த வேலை?' என்று மனசு கேட்கும். ரன்னர்கள் இதை 'வால்', அதாவது சுவர் என்பார்கள்.

சென்னை மாரத்தானையே எடுத்துக்குவோம். ஜனவரியில் நடக்கும் இந்த ஓட்டத்தில் ஃபுல் மாரத்தான் காலை 4 மணிக்கு, இருட்டிலேயே தொடங்கும். கி.மீ-க்கு 7 நிமிடம் என்று ஓடுபவர் 30 கி.மீ-யைத் தொடும்போது மணி 7.30. வெயில் வந்திருக்கும், ஈரக் காற்றில் வியர்வையும் காயாது. ஸ்டார்ட்டிங்கில் இருந்த கூட்டமும் மியூசிக்கும் அங்கே இருக்காது. அங்கேதான் நீங்க நிக்கணும்.

எப்படிப் பிடிப்பது?

பிப் நம்பர், டீஷர்ட் கலர், கி.மீ-க்கு எத்தனை நிமிடம்... மூணையும் முந்தின நாளே கேட்டுடுங்க. ரூட் மேப்பில் 30-லிருந்து 36 கி.மீ-க்குள் ஓர் இடத்தை முடிவு பண்ணி, 'இடது பக்கம் நிப்பேன்' என்பது வரை சொல்லிடுங்க. அந்த இடத்தை எதிர்பார்த்தே ரெண்டு கி.மீ ஓடிடுவாங்க. ரோடு மூடியிருக்கும் என்பதால் பைக்கைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்க.

என்ன சொல்லலாம்?

'இன்னும் கொஞ்சம்தான்' மட்டும் வேண்டாம். 35-வது கி.மீ-யில் பாக்கி 7 கி.மீ. களைத்த கால்களுக்கு அது கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். பேர் சொல்லிக் கூப்பிடுங்க. 'நல்லா ஓடுற, இதே வேகம் போதும்' என்று சின்னதாகச் சொல்லுங்க. தனக்குத்தானே ஊக்கமாகப் பேசப் பழகியவர்கள் களைத்து நிற்காமல் 18% அதிக நேரம் சைக்கிள் மிதித்ததாக 2014-ல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நீங்க சொல்ற ஒரு வரியையே அவங்க மீதி தூரத்துக்கும் மனசுக்குள் சொல்லிக்கலாம். ஆனா, கூடவே ஓடாதீங்க. போட்டி விதிப்படி அது தப்பு.

ஃப்ரெண்டு கடந்து போனதும் கிளம்பிடாதீங்க. பின்னால் தனியாக வர்றவங்களுக்கும் ஒரு கைதட்டல் கொடுங்க. பல பிப்களில் பேர் இருக்கும், வாசிச்சுக் கூப்பிடுங்க.

எப்போது நிறுத்தச் சொல்லணும்?

பேச்சு குழறுது, தள்ளாடுறாங்க, கூப்பிட்டா முழிக்கிறாங்க, நெஞ்சு வலிக்குதுங்கிறாங்க... இதில் ஒண்ணு இருந்தாலும் 'விடாத, ஓடு' என்று சொல்லாதீங்க. உடனே வாலன்டியரையோ ஆம்புலன்ஸையோ கூப்பிடுங்க. ஹீட் ஸ்ட்ரோக் என்றால் உடம்பைக் குளிர்விப்பதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நிழலுக்குக் கூட்டிட்டுப் போய், உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்க. அதே நேரம், 'குடி, குடி' என்று தண்ணீரைத் திணிக்கவும் கூடாது. அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகலாம்.

பையில் என்ன இருக்கணும்?

காய்ந்த டீஷர்ட், துண்டு, உப்புப் போட்ட மோர், வாழைப்பழம். முக்கியமாக, ஒரு ஜோடி செருப்பு. 42 கி.மீ ஓடிய காலை ஷூவிலிருந்து விடுவிப்பதே தனி சுகம். முடிச்சதும் உட்கார விடாமல் பத்து நிமிடம் மெதுவாக நடக்க வையுங்க.

டைமிங் என்னன்னு அப்புறம் கேட்கலாம். பாதியில் நிறுத்தியிருந்தால் அதைக் கேட்கவே வேண்டாம், டிபன் எங்கே சாப்பிடலாம்னு மட்டும் கேளுங்க!