கறுப்பின நோயாளிகளுக்கு அந்த ஊசி ஏன் பலிக்கவில்லை?

ஹெபடைட்டிஸ் சி வைரஸ் கல்லீரலில் நிரந்தரமாகத் தங்கிவிட்டால், 2011 வரை கைகொடுத்தது ஒரே சிகிச்சைதான்: வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை. அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் முதல் வகை வைரஸுக்கு இதை 48 வாரம் தொடர வேண்டும். காய்ச்சல், ரத்தசோகை, மனச்சோர்வு எல்லாம் கூடவே வரும். இவ்வளவு பட்டும் வெள்ளையர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் குணமானது. கறுப்பினத்தவரிலோ கால்வாசிக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

மருந்தை ஒழுங்காகப் போட்டுக்கொள்வதில்லை என்று நோயாளிகள் மீதே பழி போடுவது எளிது. அந்தக் கணக்கைச் சரிசெய்து பார்த்தபோதும் இடைவெளி மறையவில்லை.

2009இல் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு தடயத்தைக் கண்டுபிடித்தார்கள். 19ஆவது குரோமோசோமில், ஐஎல்28பி மரபணுவுக்கு அருகே டிஎன்ஏவின் ஓர் எழுத்து ஆளுக்கு ஆள் மாறுகிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அங்கே சைட்டோசின் என்ற எழுத்து வாய்த்தவருக்குக் குணமாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. கிழக்காசியர்களில் பெரும்பாலோருக்கு அது உண்டு. ஐரோப்பிய வம்சாவளியினரிடம் குறைவு, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் இன்னும் குறைவு. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான வேறுபாட்டில் சுமார் பாதியை இந்த ஓர் எழுத்தே விளக்கிவிட்டது. மீதிப் பாதி அப்படியே நின்றது. அந்தச் சாதகமான எழுத்து வாய்த்த கறுப்பர், அது வாய்க்காத வெள்ளையரைவிட நன்றாகக் குணமடைந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோலின் நிறத்தைப் பார்த்து நோயின் போக்கைக் கணித்த மருத்துவர்கள் எத்தனை பேரைத் தவறாக எடைபோட்டிருப்பார்கள்!

2013இல் வந்த விளக்கம் இன்னும் விசித்திரம். அருகிலேயே ஐஎஃப்என்எல்4 என்றொரு மரபணு இருக்கிறது. வைரஸை எதிர்க்க உடலே சுரக்கும் ஒருவகை இன்டர்ஃபெரானைத்தான் அதுவும் உருவாக்குகிறது. ஆனால் அது பழுதடைந்து, புரதம் செய்ய முடியாதவர்களே வைரஸை எளிதில் விரட்டுகிறார்கள்; அந்தச் சாதகமான எழுத்து பெரும்பாலும் இந்தப் பழுதோடு சேர்ந்தே வருகிறது. வேலை செய்யும் மரபணு உள்ளவர்களின் கல்லீரலோ ஓயாமல் ஒலிக்கும் அபாயச் சங்குக்குப் பழகிப்போன ஊர் மாதிரி. வெளியிலிருந்து இன்டர்ஃபெரான் ஏற்றினாலும் அது புதிதாகக் காது கொடுப்பதில்லை.

2013 இறுதியில் சோஃபோஸ்புவிர் வந்தது. வைரஸை நேரடியாகத் தாக்கும் இவ்வகை மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுத்தால் இன்று 8 முதல் 12 வாரத்தில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். மரபணுப் பரிசோதனைக்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. ஆனால் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிரின் தொடக்க விலை 12 வாரத்துக்கு 84,000 டாலர். ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் பல மாநிலங்கள், கல்லீரல் கடுமையாகத் தழும்பேறிய பிறகுதான் பணம் தருவோம் என்று விதி போட்டன.